அம்பாரி மில்லுக்கு வருடப் பாஸ்

முதலாவது, தண்ணீர். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வரிசை தப்பினால் குற்றப்பத்திரிகை புலம்பலாகிவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நோட்டீஸ் எழுத உட்காருகிற எந்தப் பயலும் கேட்டதில்லை, எல்லாருக்கும் முதல் வரியிலேயே ரத்தம் வேண்டும். ரத்தம் எல்லாருக்கும் தெரியாது, தாகம் எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதலாவது, தண்ணீர்: வெயில் காலத்தில் நூல் அறுந்துவிடக் கூடாதென்று ஸ்பின்னிங் கூடத்துக் கூரையிலிருந்து நீரைப் புகையாகத் தெளித்தார்கள், நூல் குடித்தது, நாங்கள் எச்சிலைக் குடித்தோம். இரண்டாவது, கக்கூஸ்: ரீலிங் பெண்கள், அதாவது நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற பிரிவின் பெண்கள், ஒதுங்கப் போக வேண்டுமென்றால் மேஸ்திரியிடம் பித்தளை வில்லை ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும், டிபார்ட்மெண்டுக்கே அந்த ஒரு வில்லைதான், அதோடு அவர் சிரிக்கிற சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பதிலி. இல்லை, பதிலிக்கு முன்னால் போனஸ், போனஸ்தான் மூன்றாவது: வருடா வருடம் நட்டம் நட்டம் என்று கணக்குக் காட்டி, அந்த நட்டத்திலேயே ஊருக்கு வெளியே இன்னொரு மில் கட்டினார்கள். நான்காவது, பதிலி: நிரந்தரக்காரி வராத நாளில் அவள் இடத்தில் நிற்கிறவள், அவள் பேரில் வேலை, அவள் பேரில் கூலி, அந்தக் கூலியில் மேஸ்திரிக்கு ஒரு பங்கு, பதிலிக்குக் கூலி உண்டு, பேர் கிடையாது. ஐந்தாவது, ஆயுத பூசையன்று உள்ளே உட்கார்ந்த பெண்களைப் பிள்ளைகளோடு சேர்த்து லத்தியால் கிளப்பியது. ஆறாவது, ஒப்பந்தம். ஏழாவது, மூடியது, மிசின்களை எடைக்கு எடை பழைய இரும்பாக விற்றது, எங்களை அந்த எடைக்கும் எடுக்காதது. எட்டாவது, இன்று காலை.

எட்டாவதை இனிமேல்தான் எழுத வேண்டும், எழுத என்ன, கையில் பேனாவும் இல்லை காகிதமும் இல்லை, பேருந்துச் சீட்டு அளவுக்கு ஒரு நுழைவுச் சீட்டுத்தான் இருக்கிறது, அதில் யானை, யானை மேல் அம்பாரி, மில்லின் பழைய முத்திரை, அதற்குக் கீழே 'நகர அருங்காட்சியகம், அம்பாரி மில் வளாகம்'. நான் உட்கார்ந்திருக்கிற இந்த பெஞ்சு போட்டிருக்கிற இடம், ஆள் வந்ததைப் பதிகிற டைம் ஆபீஸின் வாசல். சுவரை வெள்ளைக் கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டார்கள், ஆனால் ஜன்னல் அதே ஜன்னல், அதன் பின்னால் இருந்துதான் டைம் கீப்பர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பான், இப்போது அங்கே ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து மைக்கில் பேர் படிக்கிறது. இன்றைக்கு வாங்கிய சீட்டை வெளியே போவதற்குள் கொடுத்தால் அந்தக் காசைக் கழித்துக்கொண்டு வருடப் பாஸ் தருவார்களாம், வெளியே போய்விட்டால் கிடையாதாம். வெளியே போகாமல் இருப்பதற்குச் சலுகை. ஒரு காலத்தில் இந்த இடத்தைவிட்டு வெளியே போவதற்குப் பாஸ் கேட்டு நின்றோம், பெண்டாட்டிக்கு வலி கண்டுவிட்டது ஐயா, கேட் பாஸ் கொடுங்கள் என்று. "என்ன நஞ்சப்பா, வாங்கறயா இல்லையா? அந்தப் புள்ள ஒரு மணிக்குச் சோறு திங்கப் போயிரும்," என்கிறார் பக்கத்தில் இருக்கிற திம்மராயன். மேஸ்திரி. அந்த மேஸ்திரியேதான், பித்தளை வில்லை மேஸ்திரி. எண்பதைத் தாண்டி, பல் போய், ஒரே தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்து, தினம் என் காசில் ஒரு டீ குடிக்கிறார். இவரோடு ஏன் சுற்றுகிறாய் என்று மகள் கேட்கிறாள். வேறு யார் இருக்கிறார்கள்? தோழர்கள் செத்துப்போனார்கள், எதிரிகளில் இவர் ஒருவர்தான் பாக்கி, எதிரியும் இல்லாமல் போனால் நான் யாரென்று யாருக்குத் தெரியும்?

அவர் வாங்கிவிட்டார். கழுத்தில் சிவப்பு நாடாவில் தொங்குகிறது. மைக்கில் "மிஸ்டர் திம்மராயன்" என்று கூப்பிட்டதும் மாப்பிள்ளை மாதிரி எழுந்து போனார், உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள், திரும்பி வந்து உட்கார்ந்ததிலிருந்து அட்டையைத் தடவிக்கொண்டே இருக்கிறார். "வருசம் பூராவும் வரலாமப்பா. ஏசி. குடிக்க ஐஸ் தண்ணி. கக்கூசு பாத்தயா, கண்ணாடியாட்ட இருக்குது. வூட்ல மருமக மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறதுக்கு இது தேவலை." தண்ணீரும் கக்கூசும். என் முதலாவதும் இரண்டாவதும் இதோ தீர்க்கப்பட்டுவிட்டன, தோழர்களே, போராட்டம் வெற்றி, பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். "உங்களுக்கு இப்பவும் வில்லை வேணுமா மேஸ்திரி?" என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி இருந்தார், அவருக்கு வேண்டாததெல்லாம் செவிட்டு இடது காதில்தான் விழும். சரி, லாப நட்டம் பார்ப்போம், முதலாளி பார்த்த மாதிரியே பார்ப்போம். பாஸ் வாங்கினால் எனக்கு என்ன? பென்ஷனில் ஒரு மாதப் பாலுக்கு ஆகிற காசு. அதற்கு வருடம் முழுவதும் நுழைவு, மாதத்துக்கு ஒரு சொற்பொழிவு, காபிக் கடையில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. அந்தக் காபிக் கடை கேண்டீன் இருந்த இடம், அதன் பேரும் 'மில் கேண்டீன்', ஒரு காபியின் விலைக்கு எங்கள் கேண்டீனில் ஒரு ஷிப்டுக்கே சாப்பாடு போட்டிருக்கலாம். பஞ்சு உடைக்கிற புளோ ரூம் இருந்த இடத்தில் கடை, நூல் சுற்றுகிற பாபின் கட்டையைப் பாலிஷ் போட்டுப் பேனா சொருகுகிற குச்சியாக விற்கிறார்கள். அந்தக் கட்டையால் எத்தனை பேர் மண்டையில் வாங்கியிருக்கிறோம், அதை மேசையில் வைத்து அழகு பார்க்கிறார்கள். நடுப்பகலில் சங்கு ஊதுகிறார்கள், வந்தவர்கள் சந்தோஷப்படுவதற்காக. இன்றைக்கு அது ஊதியபோது என் கால் தானாக எழுந்து நின்றது, கால் என் பேச்சைக் கேட்கவில்லை, கால் இன்னும் மில்காரனுடைய கால்தான், அதைப் பார்த்து ஒரு பெண் சிரித்தாள், "தாத்தா பயந்துட்டார்" என்றாள். பயமில்லையம்மா. வேறு.

பயம் உண்டு, ஆனால் சங்குக்கு இல்லை. படத்துக்கு. ரீலிங் கூடத்தின் கோடியில் ஒரு ஆள் உயரத்துக்கு, கருப்பு வெள்ளையில், வெளிச்சம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சந்தனம் பூசிய மிசின், இரண்டு பக்கமும் வாழைக் கன்று, தட்டுத் தட்டாகப் பொரி, தரை முழுவதும் பெண்கள், மடியில் பிள்ளைகள், நடுவில் ஒருத்தி மட்டும் முழங்காலில் எழும்பி, கை தலைக்கு மேல், வாய் பெரிதாகத் திறந்து. கீழே எழுதியிருக்கிறது: 'ஆயுத பூசையைக் குடும்பத்தோடு பாடி மகிழ்ந்து கொண்டாடும் பெண் தொழிலாளர்கள். நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே நிலவிய நல்லுறவுக்குச் சான்று.' பாடி மகிழ்ந்து. அவள் பாடவில்லையடா. அந்த வாயிலிருந்து வந்த சொல் எனக்குத் தெரியும், எழுதிக் கொடுத்தவன் நான். 'பூட்டு பூட்டு, எங்களோடு சேர்த்துப் பூட்டு' என்பது அந்தக் கோஷம், கேட்டை மூடிவிடுவேன் என்று மானேஜர் சொன்னதற்கு. வருடா வருடம் பூசையன்று படம் எடுக்க வருகிற ஸ்டுடியோக்காரன் அன்றைக்கும் வந்தான், பூசைப் படம் என்று நினைத்தே எடுத்தான், எடுத்து முடித்தபிறகுதான் யாரும் எழுந்து போகவில்லை என்று கவனித்தான், பிறகு அவனும் எங்களோடு மாட்டிக்கொண்டு ராத்திரி முழுவதும் பொரி தின்றான். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் கொதித்து நிற்கிறேன், மேஸ்திரி படத்துக்குக் கிட்டத்தில் போய்க் கண்ணைச் சுருக்கி, "அட, நம்ம ருக்குமணி!" என்கிறார். இல்லை என்று திரும்பினேன். ருக்குமணி இல்லை மேஸ்திரி, இவள் பேர், என்று வாயைத் திறந்தேன், பேர் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றேன், படத்தில் அவள் வாய் திறந்தபடி, வெளியே நான் வாய் திறந்தபடி. ருக்குமணி ருக்குமணி என்று அதே பேர்தான் வந்து வந்து நின்றது. முகம் தெரிகிறது, படத்துக்குப் பிறகு வந்த காதோரத் தழும்புகூட மனதில் தெரிகிறது, பேர் இல்லை. பாபின் கடை வரைக்கும் நடந்து, அங்கே விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது, யாரோ முதுகில் தட்டின மாதிரி வந்தது. மாராத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் இந்தப் பேரை வைத்திருக்கிற மண்டை இது ஒன்றுதான், அதுவும் இப்போது பொத்தலாகிவிட்டது.

மாராத்தாள், மாராத்தாள், மாராத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உதடு அசைகிறதோ என்னவோ, காவலாளி பார்க்கிறான். ருக்குமணி என்று ஒருத்தி இருந்தது நிஜம். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, பஞ்சு அவள் நெஞ்சைத் தின்றுவிட்டது, ஊரோடு போய்ப் படுத்துவிட்டாள், வேலையை விட்டால் பிராவிடண்டுப் பணம் போய்விடும் என்று பேரை மட்டும் மில்லில் விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பேருக்குள் மாராத்தாளை நிறுத்தினார் மேஸ்திரி. இந்த ஜன்னலுக்கு வெளியில், காலையில், இருட்டுப் பிரிவதற்குள் பதிலிகள் கும்பலாக நிற்பார்கள், இவர் பேர் பேராகக் கூப்பிடுவார், எல்லாம் வராதவர்களுடைய பேர். "ருக்குமணி!" என்பார், "இருக்கறனுங்" என்று அவள் உள்ளே போவாள். வருடக் கணக்கில். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் வேடிக்கை, வருடக் கணக்கில் என்றால் அது களவு. அவளிடமே கேட்டேன், உனக்குக் கோபம் வரவில்லையா என்று. "கூப்பிட்டாப் போவோணும், கூப்பிடாட்டித் திரும்பிப் போவோணும், இதுல கோவத்துக்கு எங்கீங்கண்ணா நேரம்? நீங்க நோட்டீசுல கோவப்படுங்க, உங்களுக்குக் காயிதம் இருக்குது," என்றாள். என்னை நோட்டீசுக்காரரே என்றுதான் கேலி செய்வாள், எழுத்து ஒன்றும் தெரியாது, படிக்கச் சொல்லிக் கேட்பாள், கேட்டுவிட்டு, "இத்தனை பெருசா இருந்தா எவ கேப்பா? பாதியை வெட்டிப் போடுங்க," என்பாள். வெட்டினேன். என் நோட்டீஸ்களை வெட்டிய ஒரே ஆள் அவள்தான், தலைமைக்குழுக்காரன் வெட்டினால் கையை ஒடித்திருப்பேன். ஆயுத பூசையும் அவள் யோசனை. நான் முடியவே முடியாது என்றேன், கடவுள் மறுப்பாளன் பூசையில் போய்ப் போராட்டம் நடத்துவதா, ஊர் சிரிக்காதா என்று பெரிய பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டாள். "சாமி இருக்குதோ இல்லீயோ, அன்னிக்குக் கேட்டு தொறந்திருக்குமுங்கண்ணா. புள்ளகுட்டியோட உள்ள உடுவாங்க. போறதுக்கு அவுங்களே வழி உடறாங்க. வெளிய வராம இருக்கறதுதான நம்ம வேலை?" வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மில்காரன் வீட்டு சனம் எல்லாம் உள்ளே வந்து மிசின் பார்க்கலாம், பொரி வாங்கலாம். எத்தனை தலைவர்கள், எத்தனை தீர்மானங்கள், ஒருவனுக்குத் தோன்றியதா? பொரித் தட்டோடு உள்ளே போனார்கள், சங்கு ஊதியது, எழுந்திருக்கவில்லை.

"சௌந்தர்யா அண்ட் ஃபேமிலி," என்கிறது மைக். யாரோ ஓடுகிறார்கள். ஆறாவது, ஒப்பந்தம், அதில்தான் எப்போதும் சிக்கிக்கொள்கிறேன், ஐந்திலிருந்து ஏழுக்குப் போக முடிந்தால் ராத்திரி தூக்கம் வரும். லத்தி அடித்தார்கள், சரி, அடிப்பது அவர்கள் தொழில், அவள் காதோரம் கிழிந்தது, தையல் போட்டுக்கொண்டு மறுநாளே கேட்டில் நின்றாள், அதுவும் சரி. பிறகு மேலே இருந்து தலைவர்கள் காரில் வந்தார்கள், நிர்வாகத்தோடு உட்கார்ந்து எழுதினார்கள்: 'மஸ்டர் ரோலில் பேருள்ள அனைவரும் நிபந்தனையின்றி வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள்.' அனைவரும். எவ்வளவு பெரிய மனது. ரோலில், அதாவது மில்லின் பேர்ப் பதிவேட்டில், ருக்குமணி இருந்தாள், ருக்குமணியை எடுத்துக்கொண்டார்கள், அவள் ஊரில் படுத்துக்கிடந்தாள். முன்னால் உட்கார்ந்து அத்தனை பேரையும் உட்காரவைத்தவளுக்கு ரோலில் பேர் இல்லை, இல்லாதவளை எப்படி எடுப்பார்கள்? நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன், அதற்காக சங்கத்திலிருந்து நீக்கினார்கள், நீக்கிய தீர்மானத்தில் இரண்டு இடத்தில் வாக்கியம் தப்பு. மேஸ்திரியும் அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவில்லை. அவள் சில வாரங்கள் வந்து நின்றாள், இந்த ஜன்னலுக்கு வெளியில், எந்தப் பேராவது கூப்பிடட்டும் என்று. பிறகு கழிவுப் பஞ்சு குடோனுக்குப் போனாள், மில் துப்பின பஞ்சைத் தட்டிப் பிரிக்கிற இடம், அங்கே தூசிக்குள் முகம் தெரியாது. அவளைக் கடைசியாகப் பார்த்தபோது இரண்டு சொல்லுக்கு ஒரு முறை இருமினாள், அப்போதும் கேட்டாள், "இப்பெல்லாம் நோட்டீசு சின்னதா எழுதறீங்களா?" அவள் சாவுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். பிள்ளை இல்லை, புருஷன் எப்போதோ போனவன். அழுவதற்கு ஆள் இல்லாத சாவில் ஆத்திரம் எங்கே போய் நிற்கும்? என் நெஞ்சில்தான் நிற்கிறது, வாடகை கொடுக்காமல்.

படத்தைப் பார்த்த கையோடு அருங்காட்சியகப் பொறுப்பாளரைத் தேடிப் போனேன். தாடி வைத்த தம்பி, கதர்ச் சட்டை, உட்காருங்கையா என்று நாற்காலி இழுத்துப் போட்டான், தண்ணீர் கொடுத்தான். மரியாதை. கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதற்குப் பழக்கப்பட்டவன் நான், இந்த மரியாதையோடு சண்டை போட எந்த நோட்டீசும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் சொன்னேன். கேட்டான், குறுக்கே பேசாமல் கேட்டான், கடைசியில் கண் கலங்கினான்கூட, அடப் பாவி, கலங்கிவிட்டுச் சொன்னான்: "ஐயா, நீங்க சொல்றத நான் முழுசா நம்பறேன். ஆனா ட்ரஸ்டிகிட்ட நான் போய்ச் சொல்லணும்னா எவிடென்ஸ் வேணும். பெருசா ஒண்ணும் வேண்டாம். மில் பேரும் அந்த அம்மா பேரும் ஒண்ணா இருக்கற ஒரு காகிதம். சம்பளச் சீட்டு, அட்டை, ஏதாச்சும். பழசோ புதுசோ. அது இருந்தா ஃபைல் ஒண்ணு தொறந்துருவேன்." தம்பி, பதிலிக்கு ஏதப்பா காகிதம், காகிதம் இல்லாததுதான் பதிலி என்றேன். தலையை ஆட்டினான். சுவரைக் காட்டினான், பெரிய சுவர், கருப்புக் கல்லில் மில் தொழிலாளர் எல்லாருடைய பேரும் வெட்டியிருக்கிறது, மஸ்டர் ரோலிலிருந்து எடுத்தது, ஒரு பேர்கூட விடவில்லை ஐயா என்று பெருமையாகச் சொன்னான். நான் அதில் இருக்கிறேன், நஞ்சப்பன், என் பேரை விரலால் தொட்டேன், சில்லென்று இருந்தது. மேஸ்திரி இருக்கிறார். ருக்குமணி இருக்கிறாள். அவளைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது என் பேரைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், புழு மாதிரி, அதை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

ஆகவே வாங்கக் கூடாது. தீர்மானம். முதலாளி குடும்பத்துக்கு, இப்போது ட்ரஸ்டி என்கிற பேரில் இருக்கிறவர்களுக்கு, என் கையிலிருந்து ஒரு பைசா போகக் கூடாது, உழைப்பு போனது போதும். ஆனால் வாங்காமல் வெளியே போனால் என்ன ஆகும்? படம் இருக்கும், எழுத்து இருக்கும், தினம் நூறு பிள்ளைகள் வந்து பாடி மகிழ்ந்து என்று படித்துவிட்டுப் போவார்கள், எனக்கு இன்னும் ஒரு வருடமோ இரண்டோ, அதற்குள் எத்தனை காலையில் எத்தனை பேர் நாக்குக்கு வராமல் போகும். வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்கலாம். இப்போது யாரும் கையில் காகிதம் வாங்குவதில்லை, போன மாதம் பென்ஷன் விஷயமாகக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு பையன் வாங்கி அதில் வடையை வைத்துப் பிழிந்தான். பாஸ் வாங்கினால் மாதக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், பேசினால் கை தட்டுவார்கள், அந்தத் தம்பி மறுபடி கண் கலங்குவான், காகிதம் கேட்பான். வாங்கு, வாங்காதே. ராட்டை மாதிரி சுற்றுகிறது, நூல் மட்டும் வரவில்லை. "இத பாத்தயா நஞ்சப்பா, எத்தன கெட்டி அட்டை, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதாம்," என்று மேஸ்திரி தன் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றி என் மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறார். தள்ளிவிடப் போனேன், கண் அதில் பட்டது. மேலே யானை. யானைக்குக் கீழே தடித்த எழுத்தில் அம்பாரி மில். அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் திம்மராயன். அடியில் ட்ரஸ்டியின் கையெழுத்து, முத்திரை. மில்லின் பேர். ஆளின் பேர். ஒரே காகிதத்தில். பழசோ புதுசோ என்றான் அந்தத் தம்பி, அவன் வாயாலேயே சொன்னான். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், மேஸ்திரி, "குடப்பா, குடப்பா," என்று கையை நீட்டுகிறார்.

நஞ்சப்பா, இது குறுக்கு வழி. குறுக்கு வழிதான். அவர்கள் யானைக்குக் கீழே அவள் பேரா? அவர்கள் கேட்டதற்கு அவர்கள் முத்திரையையே கொண்டுபோய் மேசையில் வைக்கலாம், சிரிப்பான், இது ஆவணமாகாது ஐயா என்பான், ஆகாதென்றால் எது ஆகும் என்று எழுதிக் கொடு என்பேன், எழுதிக் கொடுத்தால் அதில் அவள் பேர் இருக்கும், மில் பேரும் இருக்கும், பதில் எழுத எழுத ஃபைல் கனக்கும். அவர்கள் காகிதத்தால்தான் அடித்தார்கள், லத்தி எல்லாம் ஒரு நாள்தான். ஆனால் காசு? அந்தக் காசு அவர்களுக்குத்தானே போகிறது? அவளைக் கேட்டால் என்ன சொல்வாள்? கொள்கை பேச மாட்டாள், எனக்குத் தெரியும். "அத்தன காசுங்களா? அதுக்கு நான் இருக்கறப்பவே ஒரு சேலை எடுத்துக் குடுத்திருக்கலாமுங்கண்ணா." கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை, தீர்மானங்களில் அதெல்லாம் வராது. கையில் இருந்த நுழைவுச் சீட்டு கசங்கிவிட்டது. கோபம்தான், வேறொன்றும் இல்லை, கோபம் என்றே வைத்துக்கொள்வோம். "எங்கப்பா போற?" என்கிறார் மேஸ்திரி. எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, அவர் அட்டையை அவர் மடியில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் பெண் நிமிர்ந்து சிரிக்கிறது. "பாஸ் போட்டுரலாமா தாத்தா? உங்க பேரு?" எனக்கில்லை, வேறு ஆளுக்கு என்றேன். "கிஃப்டா? குடுக்கலாம் தாத்தா. யார் பேர்ல?" குரல் வருமா என்று பயமாக இருந்தது, பேர் நாக்கில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், அந்தப் பெண் திடுக்கிட்டது. "மாராத்தாள்." கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டது. "இனிஷியல் தாத்தா?" தெரியாது, அப்பன் பேரை அவள் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. "இனிஷியலுக்குப் பதிலா ரீலிங் டிபார்ட்மெண்ட்னு முன்னால போடம்மா." "அது அட்ரஸா?" "ஆமா. அட்ரஸ்தான்." "போட்டோ இருக்கா?" "உள்ளே மாட்டி வச்சிருக்கீங்க." "ஐயோ தாத்தா, நல்லா ஜோக் அடிக்கறீங்க," என்று சிரித்தது, போட்டோ அப்புறம் கொடுத்தாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்றது. நோட்டுகளை மடிப்பு நீக்கி வைத்தேன். இரண்டு நிமிஷம் உட்காருங்க, அச்சடித்ததும் கூப்பிடுகிறேன் என்றது. வந்து உட்கார்ந்தேன். மேஸ்திரி, "வாங்கிட்டயா? அப்படி வா வழிக்கு," என்று என் தொடையைத் தட்டினார். டீச்சர் ஒருத்தி பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். காவலாளி கொட்டாவி விட்டான். தாடித் தம்பி சாப்பாட்டுப் பையோடு அறையிலிருந்து வெளியே வந்தான். மைக் கரகரத்தது.

"ரீலிங் டிபார்ட்மெண்ட் மாராத்தாள்."

எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் முடிந்துபோகும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு யார் எழுந்திருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், தாடித் தம்பி நடந்தவன் அப்படியே நிற்கிறான். "அதாருப்பா, இந்தக் காலத்துல இப்படி ஒரு பேரு?" என்கிறார் மேஸ்திரி, சிரிப்போடு. "நீங்க ருக்குமணின்னு கூப்பிட்டவ," என்றேன். சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அந்தப் படம் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுத்து நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவ பேரு அதுவா?" என்று கேட்டார்.  அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறது, பாவம் கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்கும், கையை ஆட்டிக் காட்டுகிறது, நான் அசையவில்லை. டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, உஷ், பேர் கூப்பிடறாங்க, சத்தம் போடாதீங்க என்றாள். கூடம் அடங்கியது. அந்தப் பெண் மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் இழுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்து, அட்டையில் இருப்பதை மேலிருந்து அப்படியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி மறுபடியும் படித்தது:

"அம்பாரி மில். ரீலிங் டிபார்ட்மெண்ட். மாராத்தாள்."